டிசம்பர் கடைசி வாரமும் பீட்டில்ஸும்: லீவு நாள்களில் எழுதப்பட்ட ஒரு வரலாறு!

வருடத்தின் கடைசி வாரத்தில் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் பாதி நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும். சீனியர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். மிச்சமிருக்கும் எங்களைப் போன்ற ஜூனியர்கள் ‘டாப் 10 படங்கள்’, ‘அதிகம் தேடப்பட்டவர்கள்’, ‘மறைந்த பிரபலங்கள்’ என்று பட்டியல் தயாரித்துக்கொண்டிருப்போம். இந்தமுறை என் தலையில் விழுந்த பட்டியல் இது: ராக் இசை வரலாற்றில் டிசம்பர் கடைசி நாள்களில் என்னவெல்லாம் நடந்தன?

உட்கார்ந்து எடுக்க ஆரம்பித்தேன். 1969 டிசம்பர் 31 இரவு, ஜிமி ஹென்ட்ரிக்ஸ் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் புதுக் குழுவோடு மேடையேறி, விடிந்து மறுநாளும் வாசித்திருக்கிறார். 1977 கிறிஸ்துமஸ் அன்று, இங்கிலாந்தையே முகம் சுளிக்கவைத்த செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு, ஹட்டர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் வேலைநிறுத்தத்தில் இருந்த தீயணைப்பு வீரர்களின் குழந்தைகளுக்காக மதிய நேரத்தில் ஒரு பார்ட்டி நடத்தியிருக்கிறது. அட, நன்றாகத்தான் இருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப ஒரே குழுவின் பெயர் வந்து நின்றது. 1960, 61, 62, 63, 67, 70, 74... எல்லாமே டிசம்பர் கடைசி. எல்லாமே பீட்டில்ஸ்.

பட்டியலை ஓரமாக வைத்துவிட்டேன். இந்த வாரம் அவர்கள் கதை மட்டும்தான், மக்களே!

பீட்டில்ஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலிலிருந்து வந்த ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற நான்கு பேர். உங்கள் தாத்தாவிடமோ அப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள், ஒரு பாட்டாவது முணுமுணுப்பார்.

‘ஜெர்மனிக்காரர்கள்’ வந்த இரவு

1960 டிசம்பரில் இந்தப் பசங்களைப் பார்த்திருந்தால், தேறவே மாட்டார்கள் என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் பிழைக்கப் போனவர்கள். இரவு கிளப்களில் மணிக்கணக்கில் வாசிப்பு. தங்கியது ஒரு சினிமா தியேட்டரின் பின்னால், கழிவறைக்குப் பக்கத்திலிருந்த இருட்டறையில். நவம்பரில் ஜார்ஜுக்கு வயது 17தான் என்று போலீஸ் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியது. அடுத்து, தங்கியிருந்த இடத்தில் தீ வைக்கப் பார்த்தார்கள் என்ற புகாரில் பாலையும், அப்போதைய டிரம்மர் பீட் பெஸ்ட்டையும் நாடு கடத்தியது. ஜான் தனியாக ரயிலேறி வீடு வந்து சேர்ந்தார். பாஸ் கிட்டார் வாசித்த ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் ஹாம்பர்க்கிலேயே தங்கிவிட்டார்.

ஆக, ஊர் திரும்பிய குழுவில் பாஸ் கிட்டாருக்கு ஆளில்லை. கையில் காசும் இல்லை.

அப்போது பீட் பெஸ்ட்டுக்கு ஞாபகம் வந்தவர் சாஸ் நியூபி. முன்பு அவரோடு ஒரு குழுவில் வாசித்தவர். வேதியியல் படித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸ் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். ‘லீவு முடியறவரைக்கும் வாசிக்கிறியா?’ என்று கேட்டார்கள். சரி என்றார். பாஸ் கிட்டாரையும் லெதர் ஜாக்கெட்டையும் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். இவர் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

டிசம்பர் 27. லிவர்பூலுக்கு வடக்கே லிதர்லேண்ட் டவுன் ஹாலில் ஒரு நடன நிகழ்ச்சி. உள்ளூர் அறிவிப்பாளரான பாப் வூலர் சிபாரிசு பிடித்து இவர்களை உள்ளே நுழைத்தார். அவர் கேட்டது 8 பவுண்டு. ஏற்பாட்டாளர் பிரையன் கெல்லி பேரம் பேசி 6 பவுண்டுக்கு இறக்கினார். மொத்தக் குழுவுக்கும் சேர்த்துத்தான் அந்த 6 பவுண்டு.

விளம்பரத்தில் ‘ஹாம்பர்க்கிலிருந்து நேரடியாக’ என்று போட்டிருந்தது. அதனால் வந்தவர்களில் பலர் இவர்கள் ஜெர்மனிக்காரர்கள் என்றே நினைத்துக்கொண்டார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ‘இங்கிலீஷ் நல்லா பேசுறீங்களே’ என்று பாராட்டியவர்களும் உண்டு! சில மைல் தள்ளியிருந்த தெருக்களில் வளர்ந்த பசங்களைப் பார்த்து!

திரை விலகியது. பால் தொண்டை கிழியும் உச்சஸ்தாயியில் முதல் பாட்டை எடுத்தார். நடனமாடிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடையை நோக்கி ஓடியது. அந்தக் காலத்து டான்ஸ் ஹாலில் இது நடக்காத விஷயம். பாட்டுக்குழு என்பது ஆடுவதற்குப் பின்னணி. யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். ஹாம்பர்க்கில் குடிகாரர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்க ராத்திரி முழுக்கக் கத்திக் கத்திப் பழகிய குழு அது. போனபோது சுமாரான பையன்கள். வந்தபோது வேறு ஆள்கள். அது அவர்களுக்கே அன்று இரவுதான் தெரிந்தது.

கெல்லி என்ன செய்தார் தெரியுமா? அறை வாசலில் காவலுக்கு ஆள் போட்டார். வேறு ஏற்பாட்டாளர்கள் யாரும் உள்ளே போய் இவர்களிடம் பேசிவிடக் கூடாதாம்! அங்கேயே அடுத்தடுத்த மாதங்களுக்கு தேதிகளை வாங்கிக்கொண்டார். 6 பவுண்டுக்குப் பேரம் பேசிய அதே மனிதர்.

பனியில் ஒரு வேன்

அடுத்த வருடம் இதே சமயம் அவர்களுக்கு மேனேஜர் இருந்தார். பெயர் பிரையன் எப்ஸ்டீன். லிவர்பூலில் குடும்பத்தின் ரெக்கார்டு கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். லண்டனின் பெரிய கம்பெனியான டெக்காவில் ஒரு ஆடிஷன் வாங்கிக் கொடுத்தார். தேதி 1962 ஜனவரி 1.

‘புத்தாண்டு அன்றா?’ என்று கேட்கிறீர்கள். எனக்கும் அதே சந்தேகம் வந்தது. இங்கிலாந்தில் அப்போது ஜனவரி 1 அரசு விடுமுறையே இல்லை. 1974-லிருந்துதான் லீவு விட்டார்கள். முதல் நாள் ராத்திரி கொண்டாடினாலும் காலையில் ஆபீஸ் போக வேண்டும்.

டிசம்பர் 31 அன்று நால்வரும் சாமான்களோடு வேனில் கிளம்பினார்கள். ஓட்டியவர் நண்பர் நீல் ஆஸ்பினால். கொட்டும் பனி. வழி தவறியது. பத்து மணி நேரம் ஆனது. லண்டன் போய்ச் சேர்ந்தபோது ஊரே டிராஃபல்கர் சதுக்கத்தில் புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இருந்தது. மேனேஜர் ரயிலில் சௌகரியமாக வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை 15 பாட்டுகள். டெக்காவின் மைக் ஸ்மித் தாமதமாக வந்தார். இவர்கள் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபையர் சரியில்லை என்று ஸ்டுடியோவில் இருந்ததையே பயன்படுத்தச் சொன்னார்கள். பதற்றம். 15 பாட்டில் சொந்தப் பாட்டு மூன்றுதான். அந்தப் பதிவுகளை இன்று கேட்டாலும் குரலில் நடுக்கம் தெரிகிறது.

அதே நாள் வந்த இன்னொரு குழு பிரையன் பூல் அண்ட் த ட்ரெமெலோஸ். டெக்கா அவர்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் லண்டன் பக்கத்து ஆள்கள், கூப்பிட்டால் உடனே வந்துவிடுவார்கள்! ‘கிட்டார் குழுக்களின் காலம் முடியப்போகிறது’ என்று டெக்கா சொன்னதாக ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. எப்ஸ்டீன் சொன்னது அது. டெக்காவின் டிக் ரோ, தான் அப்படிச் சொல்லவேயில்லை என்று கடைசிவரை மறுத்தார். பாவம், வாழ்க்கை முழுக்க ‘பீட்டில்ஸை வேண்டாம் என்றவர்’ என்ற பட்டத்தைச் சுமந்தார். ஆனால் 1963-ல் அதே டிக் ரோவிடம், ‘ரோலிங் ஸ்டோன்ஸ்னு ஒரு குழு இருக்கு, அவங்களைப் பாருங்க’ என்று சொன்னவர் யார் தெரியுமா? ஜார்ஜ் ஹாரிசன். டெக்கா இந்தமுறை தவறவிடவில்லை.

1962 டிசம்பர் கடைசி மறுபடி ஹாம்பர்க். இப்போது ரிங்கோ வந்துவிட்டார், முதல் இசைத்தட்டு இங்கிலாந்துத் தரவரிசையில் 17-வது இடம்வரை போய்விட்டது. ஊரில் பெயர் வரும் நேரத்தில் எதற்கு இந்தப் பழைய கிளப் என்று சலிப்பு. ஆனால் ஒப்பந்தம் முன்பே போட்டாயிற்று. டிசம்பர் 31 ராத்திரி ஸ்டார் கிளப்பில் வாசித்தார்கள். அதுதான் அவர்களின் கடைசி ஹாம்பர்க் கிளப் நிகழ்ச்சி. அந்த நாள்களில் யாரோ சாதாரண வீட்டு டேப் ரெக்கார்டரில் பிடித்துவைத்த பதிவு 1977-ல் ஆல்பமாக வந்து, கோர்ட்டு வழக்காகி, 1998-ல் ஜார்ஜே நேரில் சாட்சி சொல்லி ஜெயிக்கும்வரை நீண்டது. அது தனிக் கதை.

ஒரு பள்ளி மாணவியின் கடிதம்

எனக்கு இந்த எல்லாவற்றிலும் ரொம்பப் பிடித்தது 1963.

இங்கிலாந்தே பைத்தியமாகிக் கிடக்கிறது. அமெரிக்காவில் ஒருவருக்கும் தெரியாது. அங்கே இவர்களின் பாட்டுகளை வெளியிட முதல் உரிமை கேபிடல் ரெக்கார்ட்ஸுக்கு இருந்தது. இரண்டுமே ஈஎம்ஐ என்ற ஒரே கம்பெனியின் பிள்ளைகள். ஆனாலும் கேபிடல் ஒவ்வொரு பாட்டையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டது. சின்னக் கம்பெனிகள் வெளியிட்டு, கண்டுகொள்ள ஆளில்லாமல் போயின. கடைசியில் ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ பாட்டை வெளியிட கேபிடல் ஒருவழியாக ஒப்புக்கொண்டு தேதி குறித்தது: 1964 ஜனவரி 13.

டிசம்பர் 10 அன்று சிபிஎஸ் டி.வி-யின் மாலைச் செய்தியில் பீட்டில்ஸ் பற்றி ஒரு சின்னத் தொகுப்பு வந்தது. அதிபர் கென்னடி சுடப்பட்டு மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. நாடே சோகத்தில் இருந்தது. உண்மையில் அந்தத் தொகுப்பு முதலில் ஒளிபரப்பானதே நவம்பர் 22 காலை. மதியம் வந்த கொலைச் செய்தியில் அது அப்படியே அமுங்கிப்போனது.

மாலைச் செய்தியைப் பார்த்த மேரிலாந்தைச் சேர்ந்த 15 வயது மாணவி ஒருவர் வாஷிங்டனின் டபிள்யூடபிள்யூடிசி வானொலிக்குக் கடிதம் எழுதினார். இந்த மாதிரிப் பாட்டெல்லாம் ஏன் நமக்கு இங்கே கிடைப்பதில்லை என்பதுதான் விஷயம். அறிவிப்பாளர் கேரல் ஜேம்ஸ் அதைக் குப்பையில் போடவில்லை. பிஓஏசி விமானப் பணிப்பெண் ஒருவர் மூலமாக இங்கிலாந்திலிருந்து அந்த இசைத்தட்டை வரவழைத்தார். டிசம்பர் 17 அன்று, கடிதம் எழுதிய அந்த மாணவியையே ஸ்டுடியோவுக்கு வரவழைத்து மைக் முன்னால் உட்காரவைத்து, பாட்டை அறிமுகப்படுத்தச் சொன்னார்.

அடுத்த நிமிடம் ஸ்டுடியோவின் தொலைபேசிகள் விடாமல் அடிக்க ஆரம்பித்தன. வேறு ஊர் வானொலிகள் அந்தப் பதிவை வாங்கிப் போட்டன. கேபிடல் முதலில் செய்தது வக்கீல் மூலம் நிறுத்தச் சொன்னது! வானொலி நிலையம் மறுத்துவிட்டது. பிறகுதான் கம்பெனிக்கு உறைத்தது: கடையில் இல்லாத இசைத்தட்டை ஊரே கேட்கிறது. வெளியீட்டை முன்னுக்கு இழுத்தார்கள். டிசம்பர் 26.

இந்தப் பதினெட்டு நாள் வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜனவரி 13 என்றால் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். டிசம்பர் 26 என்றால் வீட்டில் இருப்பார்கள். கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த புது டிரான்சிஸ்டர் காதோடு ஒட்டியிருக்கும். தாத்தா பாட்டி கொடுத்த காசு பாக்கெட்டில் இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து முறை பாட்டு வரும். வந்ததும் கடைக்கு ஓடலாம். மூன்றே நாளில் இரண்டரை லட்சம் இசைத்தட்டுகள் விற்றன. பிப்ரவரி 1 அன்று பில்போர்டு பட்டியலில் முதலிடம். பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் இவர்கள் பாடியதை 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள்.

சரி, அமெரிக்காவே இவர்களுக்காகக் கடைவாசலில் நின்ற அந்த டிசம்பர் 26-ல் நால்வரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் அஸ்டோரியாவில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள்! பாட்டுக்கு நடுவே ஒரு காமெடி நாடகம். ஜான் ஒட்டு மீசை வைத்த வில்லன். ஜார்ஜ் தலையில் துணி கட்டிய கதாநாயகி. ரிங்கோவின் வேலை, மேடையில் காகிதப் பனியைத் தூவிக்கொண்டே போவது. கடலுக்கு அந்தப் பக்கம் தங்கள் வாழ்க்கை மாறிக்கொண்டிருக்கும்போது பெண் வேடத்தில் ஜார்ஜ். நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

கறுப்பு வெள்ளையில் ஒரு கலர் படம்

அதே டிசம்பர் 26, நான்கு வருடம் கழித்து சறுக்கியும் விட்டது. 1967 ஆகஸ்டில் எப்ஸ்டீன் இறந்துபோனார். வயது 32. வழி சொல்ல ஆளில்லாத நேரத்தில், ஸ்கிரிப்ட் என்று எதுவும் இல்லாமல் ஒரு பஸ்ஸில் ஆள்களை ஏற்றிக்கொண்டு ‘மேஜிக்கல் மிஸ்டரி டூர்’ என்ற டி.வி படத்தை எடுத்தார்கள். கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள்தான் அதில் பாதி விஷயம். பிபிசி-1 அதைப் பண்டிகை மறுநாள் ராத்திரி, குடும்பமே டி.வி முன்னால் உட்காரும் நேரத்தில், கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பியது. அப்போது கலர் வசதி இருந்தது பிபிசி-2-ல் மட்டும்தான்.

பாட்டி, மாமா, சித்தப்பா என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. மறுநாளே பால் ஒரு டி.வி நிகழ்ச்சிக்குப் போய் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. என் கருத்து: கலரில் பார்த்தாலும் அது சுமாரான படம்தான். பாட்டுகள் வேறு ரகம்.

நான் இவர்களின் பிரிவைப் பற்றி யோசிக்கும்போது இந்தப் படம் ஞாபகத்துக்கு வருவதில்லை. கிறிஸ்துமஸ் தட்டுகள்தான் வருகின்றன. 1963-லிருந்து ஒவ்வொரு டிசம்பரும் ரசிகர் மன்றத்தினருக்கு இவர்கள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டைத் தபாலில் அனுப்பினார்கள். நன்றி சொல்லி, கேலி பேசி, கர்ணகொடூரமாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி, நான்கு பேரும் ஒரே மைக்கைச் சுற்றி அடிக்கும் லூட்டி. மொத்தம் ஏழு தட்டுகள். 1968, 1969 தட்டுகளில் நான்கு பேரும் பேசுகிறார்கள். ஆனால் ஒன்றாக இல்லை. தனித்தனியாகப் பதிவுசெய்ததை ஒட்டிவைத்திருக்கிறார்கள். பிரிவுச் செய்தி பேப்பரில் வருவதற்கு முன்பே அந்தத் தட்டு சொல்லிவிட்டது. கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த எங்கள் நான்கு பேரின் வாட்ஸ்அப் குரூப்பில் இப்போது பிறந்தநாள் ஸ்டிக்கர்கள் மட்டும்தான் வருகின்றன. அதனாலோ என்னவோ, அந்த 1968 தட்டைக் கேட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

நண்பர்கள் மீது ஒரு வழக்கு

1970 டிசம்பர் 31. லண்டன் உயர் நீதிமன்றத்தில் பால் மெக்கார்ட்னி ஒரு மனு தாக்கல் செய்தார். எதிர்மனுதாரர்கள்: ஜான், ஜார்ஜ், ரிங்கோ, அவர்களின் ஆப்பிள் நிறுவனம். கோரிக்கை: பீட்டில்ஸ் என்ற கூட்டு வியாபாரத்தைக் கலைக்க வேண்டும்.

பாலின் உண்மையான கோபம் ஆலன் க்ளைன் என்ற அமெரிக்க மேனேஜர் மீது. மற்ற மூவரும் 1969-ல் அவரை நியமித்தார்கள். பாலுக்கு அவர் மேல் துளியும் நம்பிக்கையில்லை. ஆனால் க்ளைன் மீது வழக்குப் போட வழியில்லை என்றார்கள் வக்கீல்கள். 1967-ல் நால்வரும் பத்து வருடக் கூட்டு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அதில் க்ளைன் இல்லை. ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் மீதுதான் வழக்குப் போட வேண்டும். அதாவது, பத்துப் பன்னிரண்டு வருடங்களாக ஒரே வேனில், ஒரே அறையில், ஒரே மைக்கில் இருந்தவர்கள் மீது. முடிவெடுக்கப் பல மாதங்கள் தவித்ததாக அவரே பின்னால் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நண்பர்களை கோர்ட்டுக்கு இழுத்தவர் என்ற கெட்ட பெயர் நீண்ட நாள் ஒட்டிக்கொண்டது.

1971 மார்ச்சில் நீதிபதி பாலின் பக்கம் தீர்ப்புச் சொல்லி, கணக்கு வழக்குகளைப் பார்க்க ஒரு நிர்வாகியை நியமித்தார். 1973-ல் க்ளைனோடு மற்ற மூவருக்கும் உறவு முறிந்தது. அவர் மேல் அவர்களும் வழக்குப் போட்டார்கள். பால் சொன்னது சரிதான் என்று ஆனது. ஆனால் குழு திரும்பி வரவில்லை.

எல்லாக் கணக்கையும் தீர்த்துக் கையெழுத்துப் போட 1974 டிசம்பர் ஆகிவிட்டது. 19-ம் தேதி நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் கூடுவதாக ஏற்பாடு. 1964-ல் முதல்முறை அமெரிக்கா வந்தபோது ரசிகைகள் வெளியே கூச்சலிட, இவர்கள் தங்கிய அதே ஹோட்டல். ரிங்கோ முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டார். பால் வந்தார். இசைப்பயணத்தில் இருந்த ஜார்ஜ் வந்தார். ஜான் வரவில்லை. அவர் வீடும் நியூயார்க்கில்தான், நடந்தே வந்துவிடலாம். வரிச் சுமை முழுக்கத் தன் தலையில் விழுமோ என்று அவருக்குச் சந்தேகம். அவருக்குப் பதிலாக ஒரு பலூன் வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். ஜார்ஜுக்குக் கோபம் தலைக்கேறியது.

ஜான் தன் மகன் ஜூலியனை அழைத்துக்கொண்டு ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டுக்குக் கிளம்பிவிட்டார். பையனுக்கு 11 வயது, பள்ளி லீவு. கூடவே ஜானின் அன்றைய தோழி மே பாங். பாலினீசியன் என்ற ஹோட்டலில் தங்கினார்கள். டிசம்பர் 29 அன்று வக்கீல் அந்தக் கனத்த காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். ஜான் வக்கீல்களோடு போனில் பேசினார், ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார், கையெழுத்துப் போட்டார். மே பாங் ஒரு போட்டோ எடுத்தார்.

வெளியே மிக்கி மவுஸ் வேடமிட்டவர்கள் குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டிருக்கும் ஊரில், ஒரு அப்பா லீவில் வந்த இடத்தில், பீட்டில்ஸ் சட்டப்படி முடிந்தது. கையெழுத்து வரிசையில் கடைசிப் பெயர், குழுவைத் தொடங்கியவருடையது. பதினொரு நாள் கழித்து லண்டன் நீதிமன்றம் முத்திரை வைத்தது.

லீவுதான் காரணம்!

ஏன் எல்லாம் டிசம்பர் கடைசியிலேயே? ஜாதகம் எல்லாம் இல்லை. திரும்பப் படித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு லீவு ஒளிந்திருக்கிறது. மாணவன் லீவில் வந்ததால் பாஸ் கிட்டாருக்கு ஆள் கிடைத்தது. பிள்ளைகள் லீவில் இருந்ததால் அமெரிக்கா திரும்பிப் பார்த்தது. குடும்பமே லீவில் உட்கார்ந்ததால் படம் ஊர் முழுக்க மானம் போனது. மகனுக்கு லீவு என்பதால் டிஸ்னியில் கையெழுத்து.

இந்த வாரம் ஒரு கெட்ட இரவையும் கொடுத்திருக்கிறது. 1999 டிசம்பர் 30 அதிகாலை, இங்கிலாந்தின் ஹென்லியில் ஜார்ஜின் வீட்டுக்குள் மனநிலை பாதிக்கப்பட்ட ஒருவர் கத்தியோடு புகுந்தார். ரவி ஷங்கரிடம் சிதார் கற்ற, கிருஷ்ண பக்தரான ஜார்ஜ், வந்தவரைப் பார்த்து ‘ஹரே கிருஷ்ணா’ என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார். கத்திக்குத்தில் நுரையீரல் பாதிக்கப்பட்டது. அவரைக் காப்பாற்றியது மனைவி ஒலிவியா. கணப்படுப்புக் கம்பியையும் மேசை விளக்கையும் எடுத்து, வந்தவரை அடித்து வீழ்த்தினார். ஜார்ஜ் பிழைத்தார், இரண்டு வருடம் கழித்துப் புற்றுநோயில் காலமானார்.

2015-ல் அவர்களின் பாட்டுகள் முதன்முதலாக ஸ்ட்ரீமிங்கில் வந்த தேதியும் டிசம்பர் 24தான், நள்ளிரவு 12.01-க்கு. இப்போது உங்கள் கையில் இருக்கும் போனிலேயே எல்லாம் இருக்கிறது. 1963-ல் விமானத்தில் ஒரு இசைத்தட்டு வர வேண்டியிருந்தது.

சாஸ் நியூபியை மறந்துவிடவில்லையே? லீவு முடிந்ததும் ஜான் அவரைக் கூப்பிட்டார்: மறுபடி ஹாம்பர்க் போகிறோம், நீயும் வா. படிப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டார் நியூபி. அதன்பிறகுதான் பாஸ் கிட்டார் பாலின் கைக்குப் போனது. நியூபி கணக்கு வாத்தியார் ஆனார். வருத்தமில்லையா என்று பேட்டிகளில் கேட்கும்போதெல்லாம் இல்லை என்றுதான் சொன்னார். ஓய்வுபெற்ற பிறகு, ஜானின் பள்ளிக்காலக் குழுவான குவாரிமென்னில் சேர்ந்து மறுபடி பாஸ் வாசித்தார். 2023 மே மாதம் மறைந்தார். பீட்டில்ஸோடு அவர் மேடையேறியது மொத்தம் நான்கு முறை. டிசம்பர் 17, 24, 27, 31.